அடுத்த கப்பல்

பதுளை,
14 ஜனவரி 1923

ராத்தாவுக்கு ஸவாஹிரா ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே விடாத மழை. நமுனுகுல மலை எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியவில்லை. தோட்டத்து ஆட்கள் கீழே இறங்காததால் கடையில் துணி எல்லாம் அப்படியே கிடக்கிறது. இவர் மத்தியானமே கடையை அடைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார்.

மழையைப் பற்றிச் சொல்ல நான் எழுத உட்காரவில்லை. நளீராவை அனுப்பி வையுங்கள் ராத்தா.

போன பெருநாளைக்குக் கேட்டபோது பிள்ளைக்கு இருமல் என்றீர்கள். அதற்கு முன்னால், ஓதப் போட்டிருக்கிறேன், நடுவில் நிறுத்தக் கூடாது என்றீர்கள். எப்போது கேட்டாலும் கடைசியில் தூரம் என்கிறீர்கள். நான் அவளை விட்டுவிட்டு வந்தது அந்த விஷக் காய்ச்சல் வருஷத்தில். இவர் சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்திருந்தது. அவளுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை, வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தாள். "நீ போ. புள்ளய நான் பாத்துக்கிறேன். ரெண்டு மாசத்துல வந்து தூக்கிட்டுப் போ" என்று வாசலில் நின்று சொன்னது நீங்கள்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டினேன். ஒவ்வொரு முறையும் வயிற்றில் ஒன்று வந்தது, பிறகு அதுவும் இல்லாமல் போனது. இரண்டையும் இங்கேதான் அடக்கினோம். எனக்கு இனிமேல் பிறக்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

தூரம் தூரம் என்கிறீர்களே, எவ்வளவு தூரம்? கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்துக்கு வண்டி. அங்கிருந்து மண்டபம். நோய் இருக்கிறதா என்று பார்க்க கேம்ப்பில் ஒரு வாரம் வைத்திருப்பார்கள், அதைப் பயணத்தில் சேர்க்க வேண்டாம், உட்கார்ந்து சாப்பிடுவதுதானே. பிறகு தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் காலாற நடந்து முடிப்பதற்குள் தலைமன்னார். ராத்திரி ரயில், பொல்காவலையில் மாறி மலை ரயில். ரயில் நிற்கிற இடத்தில் இறங்கினால் பதுளைக்கு மாட்டு வண்டி. கேம்ப்பைக் கழித்துவிட்டால் மூன்று நாள் பயணம் ராத்தா. மூன்று நாள் தூரத்தில் என் பிள்ளை இருக்கிறாள். அவள் முகம் எனக்குத் தெரியாது.

ஸவாஹிரா

கீழக்கரை,
3 பிப்ரவரி 1923

தங்கச்சி ஸவாஹிராவுக்கு ராத்தா றஷீதா எழுதுவது. அல்லாஹ் உன்னையும் மாப்பிள்ளையையும் நலமாக வைக்கட்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்று நாள் பயணம் என்று எழுதியிருக்கிறாய். சரிதான். என் வீட்டுக்காரர் பினாங்குக்குக் கப்பல் ஏறியபோதும் பயணத்துக்கு இத்தனை நாள் என்று ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கு முடிந்து வருஷங்கள் ஆகின்றன. உயிரோடு இருக்கிறாரா, அங்கே இன்னொரு குடும்பம் வைத்துவிட்டாரா, யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் எனக்குக் கப்பல் கணக்குச் சொல்லாதே.

நளீரா நன்றாக இருக்கிறாள். குர்ஆனில் முப்பதாவது ஜுஸ்வில் பாதி வந்துவிட்டாள். இடியாப்பம் என்றால் சாப்பிடுவாள், சோறு என்றால் ஓடுவாள். யாரோடும் லேசில் ஒட்டமாட்டாள். உன்னைப் பற்றிச் சொல்லித்தான் வளர்க்கிறேன். "ஒன் உம்மா மலையில இருக்காக" என்றால், "மலையில என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்காக?" என்று கேட்கிறாள்.

போன வாரம் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். "பெரியும்மா, உங்க கையி வேகுது!" என்று அலறினாள். பார்த்தால் விரல் பொசுங்கிப் போயிருக்கிறது. யோசனையில் இருந்திருக்கிறேன். வாழைக் குருத்தை எடுத்துவந்து அவள்தான் கட்டிவிட்டாள். இப்படி ஒரு பிள்ளையை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்து இந்த வீட்டுக்குள் நான் எப்படி நுழைய வேண்டும் என்று நீ ஒரு தரம் நினைத்துப் பார்.

வெயில் போகட்டும். பிறகு பேசுவோம்.

றஷீதா

பதுளை,
11 மார்ச் 1923

ராத்தாவுக்கு.

பேசுவதற்கு ஒன்றும் இல்லை. இவர் வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டுப் புறப்படுகிறார். கடையைப் பக்கத்துக் கடை பலீல் நானா பார்த்துக்கொள்வார். நோன்புக்கு முன்னால் பிள்ளை இங்கே இருக்க வேண்டும்.

உங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கு நான் என்ன செய்ய? உங்கள் வீட்டுக்காரர் திரும்பி வராததற்கு என் பிள்ளையா ஈடு? இதை எழுதியிருக்கக் கூடாது. ஆனாலும் எழுதியதை அடிக்க மாட்டேன். இந்த ஐந்து வருஷத்தில் அவள் முதல் அடி வைத்ததையும் நீங்கள்தான் பார்த்தீர்கள், முதல் சொல் சொன்னதையும் நீங்கள்தான் கேட்டீர்கள். போதாதா?

இவரை வெறுங்கையோடு அனுப்பினால் அதன் பிறகு எனக்கு ராத்தா என்று ஒருத்தி இல்லை.

ஸவாஹிரா

கீழக்கரை,
16 ஏப்ரல் 1923

தங்கச்சிக்கு.

இது வருவதற்குள் உன் பிள்ளை உன்னிடம் வந்து சேர்ந்திருப்பாள். நடந்ததை மாப்பிள்ளை சொல்லியிருப்பார். நானும் சொல்கிறேன்.

அவரைப் பார்த்ததும் நளீரா நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். இரண்டு நாள் கெஞ்சினார் பாவம், கற்கண்டு வாங்கி வைத்தார். அவர் கையால் வாங்கமாட்டேன் என்றாள். கடைசியில் நான்தான் சொன்னேன், "நானும் பதுளைக்கு வர்றேன். ஒன் உம்மாகிட்ட நீ பழகுற மட்டும் அங்கன இருக்கேன்" என்று. உடனே தன் பாவாடைகளை எடுத்து மடித்தாள். உன் கடிதத்தில் இருந்த சொல்லுக்காக நான் கிளம்பவில்லை. நீ கேட்டதில் நியாயம் இருந்தது, அதனால் கிளம்பினேன்.

மண்டபத்தில் பெண்களையும் ஆண்களையும் தனித்தனியே பரிசோதித்தார்கள். என் கண்ணில் நோய் இருக்கிறது, கப்பல் ஏற விட முடியாது, ஊருக்குத் திரும்பிப் போ என்று சொல்லிவிட்டார்கள். நளீராவுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு தடவை பார்த்தார்கள், உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டரே சொன்னார். இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள்.

என்னை உடனே வெளியே அனுப்பிவிட்டார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகிற இராக்கம்மா என்ற பெண் எங்கள் வரிசையில் இருந்தாள். புருஷன் வீரய்யாவோடு புதிதாகப் போகிறாள். அவள் இடுப்பில் மட்டும் நளீரா ஏறினாள். கப்பலிலும் அவளே தூக்கிக்கொள்வதாகச் சொன்னாள். நல்லவள். தோட்டத்திலிருந்து பதுளைக்கு வந்தால் ஒரு வாய் தண்ணீர் கொடு.

"பெரியும்மா அடுத்த கப்பல்ல வருவேன், நீ போம்மா" என்று சொல்லித்தான் அனுப்பினேன். வேறு எதைச் சொன்னாலும் அவள் போயிருக்க மாட்டாள்.

தலைக்கு நல்லெண்ணெய் வேண்டாம், சளி பிடிக்கும். தூங்கும்போது காது மடலைப் பிடித்துக்கொள்வாள். கையைத் தட்டிவிடாதே.

றஷீதா

பதுளை,
10 ஜூன் 1923

ராத்தா,

பெருநாள் முடிந்து எழுதுகிறேன். முன்னமே எழுதியிருக்க வேண்டும். எழுத முகம் இல்லை.

வண்டியிலிருந்து இவர் இறக்கிவிட்டபோது நான் வாசலில் ஓடிப்போய்த் தூக்கினேன். என் தோளுக்கு மேலாக, வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் நம் உம்மாவின் முகம் ராத்தா. நீங்கள் ஒரு கடிதத்திலும் எனக்கு அதைச் சொல்லவில்லையே.

என்னோடு பேசுவதில்லை. இடியாப்பம் அவித்தேன், பாதி தின்பாள். "என்ன வேணும் மகள்?" என்றால் தலையைக் குனிந்துகொள்வாள். தூங்கும்போது நான் பக்கத்தில் படுத்தால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். தன் காதைத் தானே பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். பெருநாளைக்குச் சட்டை தைத்தேன். போட்டுக்கொண்டாள். பிறகு, "பெரியும்மா வந்தாகன்னா இத அவுக பாப்பாக" என்றாள். இத்தனை நாளில் அவள் என்னிடம் சொன்ன பெரிய பேச்சு அதுதான். இங்கே பிள்ளைகள் அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கின்றன. அதனால் வெளியிலும் போவதில்லை.

இராக்கம்மா வந்தாள். சம்பளம் போட்ட அடுத்த நாள் தோட்டத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். நளீரா ஓடிப்போய் அவள் மடியில் ஏறிக்கொண்டாள். அங்கே விடியற்காலை ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போகிற கதை, லயத்து வரிசை வீட்டுக் கதை எல்லாம் கேட்டாள், சிரித்தாள். என் வீட்டில் என் பிள்ளை சிரிக்கிற சத்தத்தை நான் அடுப்படியில் நின்று கேட்டேன்.

நான் எழுதியதை எல்லாம் மன்னித்துவிடுங்கள். கண்ணுக்கு மருந்து போடுங்கள். ஆறியதும் வாருங்கள். ஒரு மாதம் இல்லை, இங்கேயே இருந்துவிடுங்கள். இவரும் அப்படித்தான் சொல்கிறார். நாம் இரண்டு பேரும் சேர்ந்து வளர்ப்போம். எப்போது வருவீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அவளிடம் சொல்ல வேண்டும்.

ஸவாஹிரா

கீழக்கரை,
2 ஜூலை 1923

தங்கச்சிக்கு.

நான் வருவதற்கு இல்லை. கண் ஆறவில்லை. ஆறினாலும் வீட்டைப் பூட்டிவிட்டு வர முடியாது.

கேட்டது நீ. வந்துவிட்டாள். பழக்கிக்கொள்ள வேண்டியது உன் பாடு. அடிக்கடி எழுத வேண்டாம்.

றஷீதா

பதுளை,
24 பிப்ரவரி 1924

ராத்தாவுக்கு.

எட்டு மாதத்தில் நான் நான்கு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இதற்கும் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இந்த மாதம் பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. கொடி கட்டி, மேளம் அடித்து, ஊரே போய்ப் பார்த்தது. இனி இறங்கி வண்டி பிடிக்க வேண்டாம், தலைமன்னாரில் ஏறினால் ரயிலிலேயே வீட்டு வாசல் மட்டும் வரலாம் என்று கடைத்தெருவில் ஆளாளுக்குப் பேசிக்கொள்கிறார்கள். அதை நளீரா கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து ரயில் வரும் நேரத்துக்கு ரயிலடியில் போய் நிற்கிறாள். அடித்துப் பார்த்தேன், கதவைப் பூட்டிப் பார்த்தேன். பலீல் நானா வீட்டுச் சுவரேறிப் போகிறாள். இறங்குகிற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டு, கடைசி ஆளும் போன பிறகு வருகிறாள். நேற்று மழையில் நனைந்து வந்து காய்ச்சலில் கிடக்கிறாள். ஸ்டேஷன் மாஸ்டர் இவரிடம், "யாருட புள்ள இது? யாரத் தேடுது?" என்று கேட்டாராம்.

ஆறு வயதுப் பிள்ளையைப் பழிவாங்குகிற மனசு உங்களுக்கு எங்கிருந்து வந்தது? கோபம் என்னோடு என்றால் என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். வருவேன் என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னது நீங்கள். இனி நான்

28 பிப்ரவரி

ராத்தா, மேலே எழுதியதை நான் கிழிக்கவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்பது உங்களுக்குத் தெரியட்டும்.

நேற்று இராக்கம்மா வந்தாள். காய்ச்சலில் பிள்ளை பிதற்றியதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அந்தம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. ஆனா இந்தப் புள்ள படுற பாட்டப் பாத்துட்டு என்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியலம்மா. அது கண்ணு நோவு இல்லங்க. மொழங்கைக்கு மேல ஒரு படை மாதிரி இருந்துச்சு. நர்ஸம்மா பாத்துட்டு டாக்டரக் கூட்டியாந்தாங்க. அவரு ஊசியால குத்துறாரு, குத்துறாரு. 'எங்க குத்துறேன், சொல்லு'ங்கிறாரு. அந்தம்மா மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நிக்கிறாங்க. அவங்களுக்குத் தெரியவே இல்லங்க. ரத்தம் மட்டும் வருது."

பெருவியாதி, குஷ்டம், எந்தச் சொல்லையும் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சட்டியில் விரல் பொசுங்கியதை எழுதியிருந்தீர்களே, அப்போதும் தெரியவில்லையா? அல்லது தெரிந்துதான் பிள்ளையை அனுப்பினீர்களா? நான் வருகிறேன். ரயில்தான் இருக்கிறதே. வைத்தியம் பார்ப்போம், மதுரையில் பார்ப்போம். வேண்டாம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஸவாஹிரா

கீழக்கரை,
15 மார்ச் 1924

என் தங்கச்சிக்கு.

அந்தப் பெண்ணை ஏசாதே. பத்து மாதம் பொறுத்திருக்கிறாள்.

மண்டபத்துக்குப் போகிறவரை எனக்குத் தெரியாது. படை என்றுதான் நினைத்தேன், மருந்து தடவிக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் அவளை என் பக்கத்தில் ஒரு ராத்திரி படுக்கவிட்டிருப்பேனா? ஊசி குத்திய பிறகு டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவப் போனார். அப்போதே புரிந்துவிட்டது. நளீராவை அவிழ்த்துப் பார்த்தபோது நான் ஓதாத ஓதல் இல்லை. ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை நீ அவள் உடம்பைப் பார், குளிப்பாட்டுகிற சாக்கில். நிறம் மங்கின இடம் இருந்தால் தொட்டுப் பார்த்து, தெரிகிறதா என்று கேள். இதைச் சொல்ல வேண்டியிருந்தும் மறைத்தேன், ஆண்டவன் என்னை மன்னிக்கட்டும். உனக்குத் தெரிந்தால் நீ வருவாய் என்று பயந்தேன்.

நீ வரக் கூடாது. வந்தால் ஏன் வந்தாய் என்று ஊர் கேட்கும். இப்போது இடது கையில் இரண்டு விரல் மடங்கிவிட்டது, முக்காட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன். வெளியில் தெரிந்த அன்று, இவள் வளர்த்த பிள்ளைதானே அது என்று சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குக் கப்பலும் வேண்டாம், ரயிலும் வேண்டாம். உனக்கு முன்னால் பதுளைக்கு வந்துவிடும். நாளைக்கு அவளை யார் வீட்டில் கட்டிக் கொடுப்பாய்?

இன்னொன்று கேட்கிறேன், செய்ய வேண்டும். நான் மௌத்தாகிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடு.

கத்தாதே. கேள். நான் எத்தனை வருஷம் கடற்கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று நீ பார்த்தவள்தானே. அவர் இறந்துவிட்டார் என்று யாராவது ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட நான் அழுது, நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து, எழுந்து சோறு தின்றிருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை. நோய் என்று சொன்னால் அவள் நோய் ஆறுவதற்குக் காத்திருப்பாள். வரமாட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டாள். அவள் மழையில் ரயிலடியில் நிற்கிறாள் என்று எழுதினாயே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

நோன்பு முடியட்டும். பெருநாளில் அவளை அழவைக்க வேண்டாம். அதற்குப் பிறகு சொல்.

றஷீதா

பதுளை,
25 மே 1924

ராத்தா,

சொல்லிவிட்டேன்.

இவரிடம் உண்மையைச் சொன்னேன். ராத்திரி முழுக்கத் தொழுகைப் பாயிலேயே இருந்தார். விடிந்ததும், "அவங்க கேட்டத செய்வோம் புள்ள" என்றார். லெப்பையைக் கூப்பிட்டு, மௌத்தானவர்களுக்கு ஓதுவதுபோல் வீட்டில் யாஸீன் ஓத ஏற்பாடு செய்தார். இது என்ன, உயிரோடு இருக்கிறவளுக்கு என்று நான் அவர் சட்டையைப் பிடித்தேன். "உசிரோட இருக்கிறவங்களுக்கும் யாஸீன் ஓதலாம். நோயாளிக்கும் ஓதலாம். நான் மனசுக்குள்ள அப்படித்தான் நிய்யத்து வச்சிருக்கேன். வாரவங்க அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஓதட்டும்" என்றார். வந்தார்கள், ஓதினார்கள். பலீல் நானா பெண்சாதி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அதில் மட்டும் பொய் இல்லை.

நளீராவிடம் அதற்கு முன்பே சொல்லிவிட்டேன். மடியில் வைத்துச் சொல்ல நினைத்தேன், வரமாட்டாளே. எதிரில் உட்கார்ந்து சொன்னேன்.

"கப்பல்லயா?" என்றாள்.

"இல்லை மகள், ஊரில்தான்."

"அடக்கியாச்சா?"

"அடக்கியாச்சு."

"யாரு பக்கத்துல இருந்தாக?"

எல்லாரும் இருந்தார்கள் என்றேன். நம்பியதுபோல் தலையை ஆட்டினாள். அழவில்லை. அன்று ரயில் ஊதியபோது எழுந்தாள், பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

நான்கு நாள் அப்படியே இருந்தாள். ஐந்தாம் நாள் விடியற்காலை என் தோளைத் தொட்டு எழுப்பி, "உம்மா, தண்ணி" என்றாள். எழுந்து கொடுத்தேன். குடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து படுத்து என் காதைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சொல்லுக்காக ஆறு வருஷம் இருந்தேன் ராத்தா. அவள் தூங்கியதும் நான் சுவர்ப்பக்கம் திரும்பி வாயில் துணியை அடைத்துக்கொண்டு கிடந்தேன்.

இனிமேல் அவள் என்னை உம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் உங்களை நான் கொன்றதுதான் ஞாபகம் வரும். இதை நான் யாரிடம் சொல்ல? உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

இராக்கம்மா இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிள்ளை முகத்தைப் பார்த்துப் பொய் பேச முடியாதாம்.

ஸவாஹிரா

கீழக்கரை,
9 ஜூன் 1924

ஸவாஹிராவுக்கு.

கடிதம் கிடைத்தது. அழவில்லை என்று எழுதியிருக்கிறாய். பிறகு அழுவாள், ஏதாவது சின்னக் காரியத்துக்கு அழுவாள். அப்போது ஏன் என்று கேட்காதே.

நீ என்னைக் கொல்லவில்லை. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அவள் கேட்டாளே, அது போதும் எனக்கு.

வலது கைக்கு இன்னும் எழுத வருகிறது. அதுவும் மடங்குவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். என் கடிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிடு. அவள் எழுத்துக் கூட்டுகிற வயசு. நான் உன்னுடையதைப் போட்டுவிட்டேன்.

மதுரைப் பக்கம் பாதிரிமார் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. நாளைக்கு வண்டி வருகிறது. நாகூருக்குப் போய் அங்கேயே இருக்கப் போகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். வீட்டுச் சாவியைப் பள்ளிவாசலில் கொடுத்தாயிற்று. போகிற இடத்தின் பெயரை உனக்கு எழுதமாட்டேன். எழுதினால் நீ வருவாய். நீ வந்தால் ஒரு நாள் அவளும் வருவாள்.

இதற்குப் பதில் போடாதே. வாங்க இங்கே ஆள் இல்லை.

றஷீதா